வாடகை உயர்வும் ரிப்பேரும் ஒரே பேச்சு: ‘சரிங்க சார்’ சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

“அடுத்த மாசத்துல இருந்து ஆயிரம் ரூபா சேர்த்துப் போட்டுடுங்க தம்பி.”

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு, அக்ரிமென்ட் முடியும் பதினோராவது மாதத்தில் இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வருவது வழக்கம். அதே ஹவுஸ் ஓனருக்கு ஆறு மாதம் முன்பு அனுப்பிய பாத்ரூம் சுவரின் போட்டோவுக்கு இரண்டு நீல டிக் மட்டும்தான் பதிலாக வந்திருக்கும். பெரும்பாலானோர் என்ன செய்கிறோம்? “சரிங்க சார்” என்று டைப் செய்துவிட்டு, ஓதம் ஏறிய சுவரில் ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிடுகிறோம்.

வாடகை உயர்வு ஒரு பேச்சு, ரிப்பேர் வேறொரு பேச்சு என்று நாமாகவே பிரித்து வைத்திருப்பதுதான் இங்கே சிக்கல். முதலாவதை ஓனரின் உரிமை என்கிறோம். இரண்டாவதை, அவருக்கு மனசிருந்தால் செய்து தரும் உதவி என்று நினைக்கிறோம். ஆனால் வாடகை என்பது ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும் வீட்டுக்கான விலை. வீட்டின் நிலை இறங்கினால் விலையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். இது குடியிருப்பவரின் ஆசை இல்லை. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமே இரண்டையும் ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது.

என்ன சட்டம் அது?

தமிழ்நாட்டில் பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதற்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ல் நிறைவேற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நகரப் பகுதிகளுக்கான சட்டம் இது.

பழைய சட்டம் ‘நியாய வாடகை’ என்று ஒன்றைக் கணக்கிட்டுச் சொல்ல முயன்றது. புதிய சட்டம் அந்த வேலையை விட்டுவிட்டது. வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் நீங்களும் ஓனரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே தீர்மானிக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 5 சதவீதம்தான். “பக்கத்து பிளாட்ல மூவாயிரம் ஏத்திட்டாங்க” என்பது சந்தை நிலவரம் மட்டுமே. அதை வைத்துப் பேரம் பேசலாம், கட்டாயப்படுத்த முடியாது.

எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது என்றால், அதில் கையெழுத்துப் போடும்முன் படிக்க வேண்டும். நாம் படிப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் ஏற்கெனவே டைப் செய்து வைத்திருக்கும் மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ‘எல்லா ரிப்பேரும் வாடகைதாரர் பொறுப்பு’ என்று அதில் ஒரு வரி இருந்தால்கூடக் கண்ணில் படாது.

யார் எதைச் சரிசெய்யணும்?

குடிவந்தபோது வீடு எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையிலேயே அதை வைத்திருக்கும் பொறுப்பு இருவருக்கும் உண்டு என்கிறது சட்டம். புழங்குவதால் இயல்பாக வரும் தேய்மானம் இதில் சேராது. யார் பங்கு எது என்று சட்டத்தின் இரண்டாவது அட்டவணை பட்டியல் போடுகிறது.

ஓனரின் பங்கு நான்கு வேலைகள்:

• கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர்கள் (குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதம் நீங்கலாக)
• சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது
• தேவைப்படும்போது பைப் மாற்றுவது, பிளம்பிங் வேலை
• உள்ளேயும் வெளியேயும் உள்ள மின் வயரிங்கும் அது சார்ந்த பராமரிப்பும்

குடியிருப்பவர் பங்கு எண்ணிக்கையில் நீளம், செலவில் சிறிது. குழாய் வாஷர், குழாய் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, டாய்லெட், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கிச்சன் பொருத்துகள், கதவு அலமாரிகளின் பூட்டும் கைப்பிடியும், கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை அதில் வரும்.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். குழாய் சொட்டினால் நாமே வாஷர் வாங்கி மாட்ட வேண்டும். அதற்கு ஓனரைக் கூப்பிடுவது முறையில்லை. ஆனால் சுவருக்குள் போகும் பைப் கசிந்து ஹாலில் ஓதம் ஏறினால் அது அவர் வேலை. ஸ்விட்ச் உடைந்தால் நம் செலவு. ஏசி போட்டாலே வயர் சூடாகி டிரிப் ஆகிறது என்றால் வயரிங்கைப் பார்க்க வேண்டியவர் அவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடித் தளம் ஊறி, சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதுவும் அவர் பொறுப்புதான். கடைசி இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை என்பதால் தள்ளிப்போடவே கூடாது.

பட்டியலில் இரண்டாவதாக உள்ள வெள்ளையடிப்பைத் திரும்பவும் பாருங்கள். காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து எடுத்துக்கொள்வது சென்னையில் எழுதாத சட்டம். எழுதிய சட்டமோ அதை ஓனர் பக்கத்தில் வைத்திருக்கிறது. ஆனால் ‘பட்டியலில் உள்ளபடியோ, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடியோ’ என்று சட்டம் ஒரு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது. பெயின்டிங் செலவு உங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு வாதாடுவது கஷ்டம். எனவே அந்த வரியை அடிப்பதற்கு நல்ல நேரம் காலி செய்யும் நாள் இல்லை, கையெழுத்துப் போடும் நாள்.

வாடகையும் ரிப்பேரும் சந்திக்கும் இடம்

சட்டத்தில் வாடகையைத் திருத்துவது பற்றிய பகுதியில் இரண்டு விஷயங்கள் அருகருகே இருக்கின்றன.

முதலாவது, வீட்டை மேம்படுத்தினால் ஓனர் வாடகையை ஏற்றலாம். மாடுலர் கிச்சன் போடுகிறார், கூடுதலாக ஓர் அறை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்கும் முன்பே உங்களோடு எழுத்தில் ஒப்புக்கொண்டு, அந்தத் தொகையை வாடகையில் சேர்க்கலாம். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அது அமலுக்கு வரும். ஆனால் அவர் பொறுப்பில் உள்ள ரிப்பேர்கள் இந்தக் கணக்கில் வராது. “வயரிங் மாத்தினதுல நாப்பதாயிரம் ஆச்சு, அதான் ரெண்டாயிரம் ஏத்துறேன்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ரிப்பேர் என்பது, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் வாடகைக்கான கடமை.

இரண்டாவது பலருக்குத் தெரியாது. வாடகை பேசி முடித்த பிறகு வீட்டின் வசதியோ நிலையோ குறைந்துபோனால், வாடகையைக் குறைக்கும்படி குடியிருப்பவர் கேட்கலாம். லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி மூன்றாவது மாடியைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் லிஃப்ட் ஓடவில்லை என்றால், இரண்டு பெட்ரூமில் ஒன்று ஓதத்தால் படுக்கவே முடியாமல் போனால், இந்த உரிமை பொருந்தும். ஓனர் அந்த வசதியைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் பழைய வாடகையே தொடரும்.

வீடு மேம்பட்டால் வாடகை ஏறலாம், தேய்ந்தால் இறங்கலாம், பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அப்படியே நிற்கும். ஒரே தராசின் இரண்டு தட்டுகள். நாம் ஒரு தட்டை மட்டும் ஓனர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்று இருப்பதையே மறந்துவிட்டோம்.

கேட்டும் செய்யலைன்னா?

தன் பங்கு ரிப்பேரை ஓனர் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துகொண்டு அந்தச் செலவை வாடகையில் கழிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை 20,000 ரூபாய், பைப் வேலைக்கு 18,000 ஆனது என்றால், முதல் மாதம் 10,000, அடுத்த மாதம் 8,000 என்று கழிக்க வேண்டும்.

இதை எடுத்தவுடன் பயன்படுத்தக் கூடாது. முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். நியாயமான அவகாசம் கொடுங்கள். பிளம்பரிடமோ கொத்தனாரிடமோ எஸ்டிமேட் வாங்கி அனுப்புங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக, கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அந்தக் காரணத்தை நாமே எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

ரிப்பேர் செய்யாமல் அந்த வீட்டில் குடியிருக்கவே முடியாது என்ற நிலை வந்து, எழுதிக் கேட்டும் ஓனர் அசையவில்லை என்றால், 15 நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். ‘முன்று மாச நோட்டீஸ் கொடுக்கலை’ என்று அட்வான்ஸைப் பிடித்து வைப்பவர்களுக்கு இதுதான் பதில். பேச்சு முற்றியதும் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவதும் சட்டத்துக்கு எதிரானது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் அதுபற்றி முறையிடலாம். ஓனர் வாடகையை வாங்க மறுத்தால், அதே அதிகாரியிடம் செலுத்தவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை?

ஒரே வார்த்தையில் பதில்: அட்வான்ஸ்.

1960-ம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகையைத்தான் முன்பணமாக அனுமதித்தது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சகஜமாகிவிட்டது. புதிய சட்டம் நடைமுறைக்குச் சற்று இறங்கி வந்து, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றது. ஆனால் அந்த வாக்கியம் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய’ என்ற பொருள்படும் சொற்களோடு தொடங்குகிறது. அதாவது, ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம் செல்லும், பத்து என்றால் பத்து. வீடு தேடி அலைந்து களைத்தவர், ஓனர் நீட்டும் தாளில் ‘மூணு மாசம்தான் தருவேன்’ என்று திருத்தம் எழுதுவாரா?

மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று உச்சவரம்பு வைத்தது. அது மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால் மட்டுமே அமலாகும் ஒரு மாதிரி வடிவம்.

ஆக, இரண்டு லட்சம் ரூபாயை ஓனரிடம் கொடுத்துவிட்டு ரிப்பேர் பற்றிப் பேச உட்காருகிறோம். பேச்சு கசந்தால் அந்தப் பணம் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்ற பயம் தொண்டையைப் பிடிக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. “அடுத்த ஆள் வரட்டும், அவங்க அட்வான்ஸ் வாங்கித் தந்துடறேன்” என்று ஊர் சொல்கிறது. அடுத்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டியவருக்கு அந்த ஒரு மாதமே நீளம்.

எல்லோருடைய பயமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சம்பளம் வரும் குடும்பத்துக்கு ‘வேற வீடு பாத்துக்கறோம்’ என்று சொல்லும் தெம்பு கொஞ்சம் இருக்கும். பேச்சலர்கள், தனியாக வசிக்கும் பெண்கள், ‘என்ன ஆளுங்க’, ‘நான்வெஜ் சமைப்பீங்களா’ என்ற கேள்விகளிலேயே வடிகட்டப்படுபவர்கள் ஆகியோருக்கு அது கிடையாது. கிடைத்த வீட்டை விடக் கூடாது என்று ஓதத்தையும் ஒழுகலையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களை ‘உரிமை தெரியாதவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். தெரிந்தும் பயன்படுத்த முடியாத நிலையில் இருப்பவர்கள் அவர்கள்.

பேசுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

வாடகை 20,000, அட்வான்ஸ் பத்து மாதம், ஓனர் கேட்கும் உயர்வு 5 சதவீதம், நிலுவையில் உள்ள ரிப்பேர் செலவு 18,000 என்று ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஓனருக்கு: 5 சதவீத உயர்வால் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 கூடுதலாகக் கிடைக்கும். நீங்கள் காலி செய்து வீடு ஒரே ஒரு மாதம் சும்மா இருந்தால் 20,000 போய்விடும். இருபது மாதம் வாங்க வேண்டிய உயர்வுத் தொகை அது. அடுத்து வருபவருக்கு அந்த ஓதச் சுவரைக் காட்ட முடியாது. எப்படியும் ரிப்பேர் செய்துதான் ஆக வேண்டும்.

உங்களுக்கு: புது வீட்டுக்கு புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, பழைய வீட்டில் பெயின்டிங் பிடித்தம் ஒரு மாதம் என்றால் அதுவே 40,000. லாரி வாடகை, லீவு, புது அட்வான்ஸுக்கான ஓட்டம் எல்லாம் தனி. ஆயிரம் ரூபாய் உயர்வுக்காக வீடு மாறினால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அந்தப் பணத்தை ஈடுகட்ட.

இருவருக்குமே பிரிவதுதான் பெரிய நஷ்டம். 18,000 ரூபாய் ரிப்பேர் அதைவிட மலிவு. மிரட்டாமல் பேசுவதற்கான இடம் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு லட்சத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி என்று வைத்தால் 12,000 ரூபாய். ஓனர் கேட்கும் ஓராண்டு உயர்வும் அதே தொகைதான். அந்த வட்டி ஏற்கெனவே அவரிடம் போய்க்கொண்டிருக்கிறது. உண்மையில் நீங்கள் தரும் வாடகை 20,000 அல்ல, 21,000. “உயர்வு வேணும்னா அட்வான்ஸைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே சார்” என்று கேட்பதில் தவறே இல்லை.

எப்படிப் பேசுவது?

வாடகையை ஏற்றும் பேச்சை ஓனர் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். ரினீவலுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே நீங்கள் தொடங்குங்கள். முதலில் போனில் மரியாதையாகப் பேசுங்கள், பிறகு பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். உதாரணமாக இப்படி:

“வணக்கம் சார். ரினீவல் பத்தி நேத்து பேசினோம்ல, அதுக்காக இந்த மெசேஜ். அக்ரிமென்ட்ல இருக்கிற 5 சதவீதம் எங்களுக்குச் சம்மதம்தான். கூடவே மூணு வேலை நிலுவையில இருக்கு சார்: பாத்ரூம் பைப் கசிவு, பெட்ரூம் சுவர் ஓதம், கிச்சன் வயரிங். போட்டோவும் எஸ்டிமேட்டும் அனுப்பியிருக்கேன். மொத்தம் 18,000 சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள நீங்க ஆள் அனுப்பினாலும் சரி, நாங்களே செஞ்சு பில் கொடுத்து ரெண்டு மாச வாடகையில கழிச்சுக்கிட்டாலும் சரி. வேலை முடிஞ்ச அடுத்த மாசத்துல இருந்து புது வாடகை போட்டுடறோம் சார்.”

இந்த மெசேஜில் உயர்வை மறுக்கவில்லை, சண்டை இல்லை, சட்டப் பிரிவு எண் இல்லை. தொகை, தேதி, இரண்டு வழிகள், கூடவே உயர்வையும் ரிப்பேரையும் ஒன்றாகக் கட்டும் ஒரு கடைசி வரி. அந்த வரிதான் முக்கியம்.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஒண்ணுமே சொன்னதில்லயே” என்று பதில் வரலாம். அவர்கள் சொல்லாததால்தான் இப்போது செலவு இவ்வளவு என்று சிரித்தபடியே சொல்லலாம். “பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கோங்க” என்று வந்தால் உடனே பதில் போடாமல் ஓர் இரவு விடுங்கள். கணக்கு அவருக்கும் தெரியும். பணமாக முடியாது என்பவரிடம் வேறு வழிகளையும் கேட்கலாம்: இந்த ஆண்டு உயர்வு வேண்டாம், ரிப்பேரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது ஒன்று. இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறோம், பெயின்டிங் பிடித்தத்தை எடுத்துவிடுங்கள் என்பது இன்னொன்று.

எது முடிவானாலும் புது அக்ரிமென்ட்டில் ஏற வேண்டும். குடிவரும் நாளில் வீட்டை வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவைப்பது நல்லது. ‘குடிவந்தபோது இருந்த நிலை’ என்று சட்டம் சொல்வதற்கு அதைவிட எளிய சாட்சி கிடையாது.

‘பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு?’

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் வந்தது இந்தப் பதினோரு மாத வழக்கம். 2017-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இதற்கெனத் தமிழக அரசின் இணையதளம் இருக்கிறது. ஓனரோ குடியிருப்பவரோ விண்ணப்பிக்கலாம். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதற்கு இந்தச் சட்டமே தடை போடுகிறது. எனவே மேலே சொன்ன உரிமைகள் பேச்சளவில் நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் பதிவு அவசியம். வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்று தயங்கும் ஓனர்கள் உண்டு. பேப்பர் வேலை எதற்கு என்று தட்டிக்கழிக்கும் குடித்தனக்காரர்களும் உண்டு. வாடகையை ரொக்கமாகத் தராமல் யுபிஐ அல்லது வங்கி வழியாகத் தருவது, பதிவுக்கு முன்பே நீங்கள் தொடங்கக்கூடிய பாதுகாப்பு.

ஓனர் தரப்பு நியாயம்

சென்னையின் ஹவுஸ் ஓனர்கள் எல்லோரும் பணக்கார ஜமீன்தார்கள் இல்லை. ரிட்டயர் ஆனபோது கிடைத்த பணத்தில் மாடி எடுத்து, அந்த வாடகையில் மருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பிளாட்டின் இஎம்ஐ வாடகையைவிட அதிகமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசி மூன்று மாதம் வாடகையே தராமல் “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, உடைந்த கதவோடு வீட்டை ஒப்படைத்துப் போனவர்களைப் பார்த்துப் பார்த்து அட்வான்ஸை உயர்த்தியவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நியாயங்கள் எல்லாமே உண்மை. ஆனால் அவை ரிப்பேரைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாகாது. ஓதத்தை இந்த ஆண்டு பார்க்காமல் விட்டால், அடுத்த மழைக்குப் பிறகு கம்பி துருப்பிடித்துச் செலவு பல மடங்காகும். வீடு அவருடைய சொத்து. அதில் குடியிருந்துகொண்டு எங்கே ஒழுகுகிறது என்று போட்டோவோடு சொல்பவர், அவருடைய சொத்துக்குக் காவல் இருப்பவர். தொல்லை கொடுப்பவராக அவரைப் பார்ப்பது ஓனருக்குத்தான் நஷ்டம்.

அரசு செய்ய வேண்டியது

தனி நபர்கள் சாமர்த்தியமாகப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. அப்படி விட்டால் பேசத் தெம்புள்ளவருக்கு மட்டும்தான் நியாயம் கிடைக்கும். முதலில், குடியிருப்பு வீடுகளுக்காவது அந்த ‘வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய’ என்ற சொற்களை நீக்கி, மூன்று மாத வரம்பை உண்மையான வரம்பாக்க வேண்டும். மீறலாம் என்று தானே சொல்லும் ஒரு வரம்பு யாரையும் தடுக்காது.

அடுத்தது, அட்வான்ஸ் பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. இங்கிலாந்தில் 2007 முதல், வீட்டு ஓனர் வாங்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் கொண்டுவர வேண்டும். காலி செய்யும்போது பிடித்தம் பற்றித் தகராறு வந்தால், அந்தத் திட்டத்தின் வழியாகவே அதைத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கேயும் பதிவு எண்ணோடு அட்வான்ஸைச் சேர்த்துப் பாதுகாக்கும் ஏற்பாட்டை யோசிக்கலாம். கடைசி மாத வாடகை வராமல் போகுமோ என்ற ஓனரின் பயத்துக்கும் அதில் பதில் உண்டு.

அதுவரை நம் கையில் இருப்பது ஒரு சின்ன ஒழுக்கம்தான். ஒப்புக்கொண்ட உயர்வைத் தர மறுக்க வேண்டாம். ஆனால் நிலுவையில் உள்ள வேலைகளின் பட்டியல் இல்லாமல் ஒரு ரினீவலிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இன்றைக்கே போனை எடுத்து, வீட்டில் ஒழுகும் இடம், சூடாகும் வயர், பெயரும் காரை என்று ஒவ்வொன்றையும் தேதியோடு போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அடுத்த முறை வாடகை பற்றிப் பேச்சு வரும்போது அது உங்களுக்குத் தேவைப்படும்.